இல்லை என்று சொல்லாத கடை

மீசாலைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பறையின் கரும்பலகைக்குக் கீழே இடம்பெயர்ந்து வந்த எங்களுக்குப் பத்தடி இடம் தந்திருந்தார்கள். அன்று காலை மழை கொஞ்சம் விட்டிருந்தது. அம்மா ஈரச் சீலைகளை வாங்குப் பலகையின் மேல் விரித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தவர் முற்றத்துச் சேற்றுக்குள்ளால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். எந்தச் சேற்றுக்குள்ளும் ஏறி ஓடித்தான் வருகிற மனிதர் அவர். இறங்கி உருட்டி வருவதைப் பார்த்ததும் நான் எழும்பி வாசலுக்குப் போனேன்.

"பிள்ளை, முதலாளி மோசம் போயிட்டார்," என்றார். "விடியப்புறம் மூச்சு முட்டு இழுக்கத் தொடங்கினது. ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டம், படலையடியிலையே முடிஞ்சுது."

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். உள்ளதைச் சொல்வதற்குத்தானே எழுதச் சொன்னார்கள். தொட்ட வேலையை அரைகுறையில் விடுகிற ஆள் அல்ல அவர். ஒரு வேலையைக் கையில் எடுத்திருந்தார். ஏழு வீட்டுக்குப் போகவேண்டியது, ஆறு வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு வீடு மிச்சம். அந்த ஒரு வீட்டை வைத்துவிட்டு எப்படி இந்த மனிதர் போகலாம் என்றுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மா கையில் இருந்த சீலையை மடித்து வைத்துவிட்டு, "அந்த வீட்டுக்கு இனி ஆர் சொல்லுறது?" என்று மட்டும் கேட்டார்.

சரவணை ஊராருக்கும் வேலணை ஊராருக்கும் இளையதம்பி முதலாளியை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஆனால் இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலர் வெளிநாட்டுக்கும் போகும் என்கிறார்கள். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். இளந்தாரியாகத் தெற்கே கடைக்குப் போனவர். முப்பது வருடம் அங்கே பலசரக்குக் கடை நடத்தினார். அந்தப் பட்டினத்துச் சிங்களச் சனம் போட்ட வாக்கில் இரண்டு தரம் பட்டின சபை உறுப்பினர் ஆனார். எண்பத்து மூன்று ஆடியில் எல்லாம் எரிந்து, அகதிக் கப்பலில் ஊருக்கு வந்தார். சரவணைச் சந்தியில் கடை போட்டார். பிறகு சங்கக்கடைத் தலைவர், பிறகு பிரசைகள் குழுத் தலைவர். மற்றப் பக்கங்களில் பெரியவர்கள் இதையெல்லாம் விரிவாக எழுதுவார்கள். நான் அவர் கடையில் கணக்கும் கடிதமும் எழுதின பெண். எனக்குத் தெரிந்தது அவருடைய வாய் ஒன்றுதான்.

எண்பத்து நாலு தையில் நான் கடையில் சேர்ந்தேன். குமர்ப்பிள்ளை கடையில் நிற்பதா என்று ஊரில் முணுமுணுத்தார்கள். "சாமான் வாங்க வாறது பொம்பிளையள். விக்கிறதுக்கு மட்டும் ஏன் ஆம்பிளை?" என்று கேட்டு அவர் அந்தக் கதையை முடித்துவிட்டார். சேர்ந்த இரண்டாம் நாள் ஒருவர் போத்தலோடு மண்ணெண்ணெய் கேட்டு வந்தார். பீப்பாய் வெறும் பீப்பாய். நான் "இல்லை" என்றேன். வந்தவர் போனதும் முதலாளி மேசை லாச்சியைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உந்தச் சொல்லை வீட்டிலை வைச்சிட்டு வாரும்."

"எந்தச் சொல்லு?"

"இப்ப சொன்னீரே, அது. கடைக்குள்ளை அதைச் சொல்லப்படாது. வரும் எண்டு சொல்லும்."

"வராட்டில்? பொய்யெல்லோ?"

"ஏன் வராமல் விடப்போகுது? இண்டைக்கு வராட்டில் நாளைக்கு வரும். நீர் மற்றதைச் சொன்னால் அந்த மனிசன் ஏன் நாளைக்கு வாறார்?"

யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. வெறும் பெட்டியைப் பார்த்து இல்லை என்று சொன்னால் பெட்டி அப்படியே இருந்துவிடும் என்று ஒரு பயம். மற்றவர்களுக்கு அது வியாபாரச் சம்பிரதாயம். இவருக்கு அது ஒரு வருத்தம், ஒரு நோய் என்றே சொல்வேன். கடைக்கு வெளியிலும் அந்தச் சொல் அவர் வாயில் வராது. சாப்பிட்டீர்களா என்று கேட்டால், சாப்பிடாவிட்டால், "இனித்தான்" என்பார். ஊரில் அவருக்கு 'வரும் முதலாளி' என்று பட்டம். பல் விழுந்த ஒரு கிழவர் ஒருநாள் கடை நிறைந்த சனத்துக்குள் நின்று, "முதலாளி, எனக்கு ரெண்டு கடவாய்ப் பல்லு வேணும், இருக்கோ?" என்று கேட்டார். இவர் முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல், "வரும், அண்ணை. சின்னனோ பெரிசோ?" என்று கேட்டார். அன்று கடையில் சிரித்த சிரிப்பில் நான் சீனியைக் கூடுதலாக நிறுத்துக் கொடுத்துவிட்டேன்.

தெற்கில் அவர் இருந்த பட்டினத்தின் பெயரை அவர் சொல்லமாட்டார். "எங்கட ரவுண்" என்றுதான் சொல்வார், எரிந்த பிறகும். அங்கே நடந்ததை என்னிடம் ஒரே ஒரு தரம் சொன்னார். சாமான் வராத ஒரு நாள், வெறும் கடையில் நாங்கள் இருவரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பின்நேரம்.

"ரோட்டாலை சனம் வாற சத்தம் கேட்டது," என்றார். "ஓடு எண்டு பக்கத்துக் கடைக்காரன் சொன்னான். எனக்குக் கால் எழும்பேல்லை. கடை திறந்து கிடக்கு, எப்பிடி ஓடுறது? மேசைக்குப் பின்னாலை நிண்டனான். வந்தாங்கள். முன்னுக்கு வந்தவனை எனக்குத் தெரியும். எனக்கு வாக்குப் போட்டவன். அவன்ர முகத்தைப் பாத்த உடனை என்ர வாய் தன்ரபாட்டிலை, என்ன வேணும் மாத்தையா எண்டு கேட்டுப்போட்டுது."

"கேட்டனீங்களோ?"

"ஓம். சனம் ஒரு கணம் அப்பிடியே நிண்டுது. அவனும் யோசியாமல், நெருப்புப்பெட்டி எண்டான். தட்டிலையிருந்து எடுத்துக் குடுத்தனான்."

அவர் தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தாம் செய்ததில் என்ன பிழை என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை போலத்தான் இருந்தது. "இருந்ததெல்லோ பிள்ளை," என்றார். "இருக்கிற சாமானை எப்பிடி மற்றமாதிரிச் சொல்லுறது?" அவரைத் தன் வீட்டுக் கோழிக்கூட்டுக்குள் இரண்டு நாள் ஒளித்துவைத்துக் காப்பாற்றியதும் அவருக்கு வாக்குப் போட்ட இன்னொருவர்தான். அந்த நன்றியை அவர் மறக்கவில்லை. நெருப்புப்பெட்டி வாங்கியவன் மேல் அவர் கோபப்பட்டு நான் கண்டதுமில்லை.

அவருடைய அரசியலும் அந்த ஒரு சொல்லில்தான் நடந்தது. கோடையில் எங்கள் பக்கத்துக் கிணறுகள் உவர்த்துப் போகும். தண்ணீர்ப் பவுசர் வண்டி கேட்டு அரசாங்கக் கச்சேரிக்கு நான் எழுதின மனுக்களுக்குக் கணக்கில்லை. ஒவ்வொன்றையும் அவரே பஸ் ஏறிக் கொண்டுபோனார். கந்தோரில் ஒவ்வொரு மேசையாகப் போய், யார் யாருடைய பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று விசாரித்துவிட்டு வருவார். ஊருக்கு வந்தால் சந்தியில் பெண்கள் குடத்தோடு கேட்பார்கள். "வரும்." அடுத்த மாதமும் "வரும்." பெண்கள் ஏசினார்கள். நானும் ஏசினேன். பிறகு ஒருநாள் வேலணைப் பக்கமிருந்து புழுதி கிளப்பிக்கொண்டு பவுசர் வந்தது. அவர் என்னைப் பார்த்து, "என்ன சொன்னனான்?" என்றார். பாண் வந்தது, பாலம் திருத்த ஆள் வந்தது, நின்றுபோன பஸ் திரும்ப வந்தது. சனம் அந்தச் சொல்லை நம்பப் பழகியது. நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்துதான் அவரை அப்படி ஆக்கினோம் என்று இப்போது நினைக்கிறேன்.

தொண்ணூறு ஆவணியில் எங்கள் தீவுப் பக்கம் ஆமி இறங்கிவிட்டது என்று செய்தி வந்தது. பாதிச் சனம் மூட்டை கட்டியது. கோயில் மண்டபத்தில் ஊர் கூடியபோது முதலாளி எழும்பி நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. கதைக்கத் தொடங்கினால் கூட்டம் அடங்கிவிடும்.

"ஒருத்தரும் ஓடவேண்டாம்," என்றார். "ஓடுறவனைத்தான் சுடுவாங்கள். நாங்கள் எல்லாரும் இஞ்சை கோயிலடியிலை ஒண்டா இருப்பம். நான் முன்னுக்குப் போய்க் கதைக்கிறன். அவையின்ர பாசை எனக்குத் தெரியும். முப்பது வருசம் அவையளுக்குச் சீனி நிறுத்துக் குடுத்தவன் நான்."

"முதலாளி, உங்கட கடையை எரிச்சவங்களும் அவங்கள்தானே?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. என் தம்பி சந்திரன். இருபது வயது. எதையும் கேட்டுவிடுகிறவன்.

"என்னை ஒளிச்சுக் காப்பாத்தினதும் அவங்கள்தான், தம்பி," என்றார் முதலாளி. அம்மாவும் நானும் மூட்டையை அவிழ்த்தோம்.

அவர்கள் வந்தார்கள். முதலாளி சொன்னபடியே முன்னுக்குப் போய்க் கதைத்தார். ஒரு வெடிச் சத்தமும் இல்லை. தேத்தண்ணீர்கூடக் கொடுத்தோம். பிறகு இளம்பெடியன்களை ஒரு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். ஏழு பேரை விசாரிக்க வேண்டும் என்று ட்ரக்கில் ஏற்றினார்கள். சந்திரனும் ஏறினான். முதலாளியின் தங்கை மகன், அவர் தன் பிள்ளையாகவே வளர்த்த மருமகன், அவனும் ஏறினான். "பின்னேரம் விட்டுவிடுவினமாம்," என்று முதலாளி எங்களுக்குச் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொன்னார். அதை அவர்கள் சொல்லித்தான் இருந்தார்கள்.

மூன்று நாள் தொடர்ந்து அவர் முகாம் வாசலுக்குப் போனார். ஏழு வீட்டுப் பெண்களும் பின்னால் போனோம். தடைக் கம்பத்துக்கு இப்பால் நாங்கள், அப்பால் அவரும் காவலில் நின்ற ஒரு இளம் சிப்பாயும். மூன்றாம் நாள் சிப்பாய் எங்களை ஒரு தரம் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தபடி ஏதோ சொன்னான். நீளமான பேச்சு அல்ல. ஒரு சின்னச் சொல்லும், அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்றும். முதலாளி எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். வெகுநேரம் நின்றார். வெயில் ஏறி என் அம்மா முக்காட்டை இழுத்து விட்டது ஞாபகம். அவர் திரும்பியபோது அந்த முகம் எனக்குத் தெரிந்திருந்தது. வெறும் பீப்பாய்க்கு முன்னால் நிற்கிற முகம்.

"வருவினம்," என்றார். "விசாரணை இன்னும் முடியேல்லையாம். ஒருத்தரும் யோசிக்காதேங்கோ. வருவினம்."

எனக்கு அன்றைக்கே தெரிந்ததா? இந்தக் கேள்வியை நான் என்னிடம் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆறு வருடம் அவர் பக்கத்தில் நின்று அந்த வாயை எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியவள் நான். மற்றவர்களுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

அடுத்த கிழமை ஊர் கலைந்தது. அராலிப் பக்கம் வள்ளத்தில் கடந்து, ஆனைக்கோட்டையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தோம். வெளிக்கிட முன்னம் அம்மா அடுப்பங்கரியால் சரவணை வீட்டு முன்சுவரில், சந்திரன் வந்தால் எங்கே வரவேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதினார். ஆனைக்கோட்டை, ஒழுங்கையின் பெயர், வீட்டுக்காரர் பெயர், எல்லாம். அதன்பிறகு அம்மா ஐந்து வருடம் அந்த வீட்டை விட்டு அசையவில்லை. வீட்டுக்காரர் இடம் போதாது என்று இரண்டு தரம் நயமாகச் சொல்லிப் பார்த்தார். அம்மா குசினிப் பக்கத்துச் சாய்ப்புக் கொட்டிலுக்கு மாறினாரே தவிர, படலையைத் தாண்டி வேறு வீடு பார்க்கவில்லை. சுவரில் எழுதிய விலாசம் மாறக்கூடாது.

முதலாளியும் ஆனைக்கோட்டைச் சந்தியில் ஒரு பெட்டிக்கடை போட்டிருந்தார். சாமானுக்குத் தட்டுப்பாடான அந்த வருடங்களில் கடையில் சவர்க்காரமும் பனங்கட்டியும் தவிர அதிகம் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில் கடைக்கு முன்னால் நிற்பார்.

"என்ன அண்ணை, ஏதும் அறிஞ்சனீங்களோ?"

"வருவான், தங்கச்சி."

வேறு ஒன்றும் கதைக்கமாட்டார்கள். ஐந்து வருடத்து வெள்ளிக்கிழமைகள். அம்மா வருவதைத் தூரத்தில் கண்டால் அவர் எழும்பி நின்றுவிடுவதை நான் கவனித்தேன். அவருக்கு முட்டு வருத்தம் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். அவர்தான் பெடியன்களைக் காட்டிக் கொடுத்தார் என்று கதைத்தவர்களும் உண்டு. அப்படிக் கதைத்தவர்களில் சிலர் இந்த மலரிலும் அவரைப் புகழ்ந்து எழுதியிருப்பார்கள். அந்தக் கதை சுத்தப் பொய். அவர் செய்த பிழை வேறு, அதை நான்தான் சொல்லவேண்டும்.

இந்த வருடம் ஐப்பசி முடிவில், எல்லாரும் உடனே வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். மழை. பின்நேரம் நாலு மணி இருக்கும். ஒழுங்கை முழுக்கச் சனம் ஒரே திசையில் போகிறது. வீட்டுக்காரர் போய்விட்டார். அம்மா சாய்ப்புக் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

"நீ போ பிள்ளை. அவன் வந்தால் ஒராள் வேணும்."

நான் கெஞ்சினேன், ஏசினேன், இழுத்தேன். ஷெல் விழுகிற சத்தம் கிட்ட வந்தது. அம்மாவை விட்டுப் போகவும் ஏலாது, தூக்கிப் போகவும் ஏலாது. அந்த நேரம் முதலாளி சைக்கிளில் தன் பெட்டியைக் கட்டிக்கொண்டு படலைக்குள் வந்தார். சந்தியில் எங்களைக் காணவில்லை என்று திரும்பி வந்திருக்கிறார். அம்மாவைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"தங்கச்சி, எழும்பும்."

"நீங்கள் போங்கோ அண்ணை. நீங்கள்தானே சொன்னனீங்கள் வருவான் எண்டு. வந்து ஆருமில்லாமல் நிண்டால் பிள்ளை என்ன செய்வான்?"

அவர் சைக்கிளைச் சுவரில் சாத்தினார். சால்வையால் முகத்தைத் துடைத்தார். வாயைத் திறந்தார், மூடினார். இரண்டாம் தரமும் அப்படியே. மூச்சு இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அம்மாவுக்கு முன்னால் ஈர நிலத்தில் குந்தினார்.

"தங்கச்சி, சந்திரன் இல்லை."

அந்தச் சொல்லை அவர் வாயால் நான் முதன்முதலாகக் கேட்டேன். அம்மா அவரையே பார்த்தார்.

"எப்ப துவக்கம்?"

"ஏத்தின அண்டைக்கே. ஏழு பேரும்."

அம்மா அழவில்லை. கப்பிலிருந்து கையை எடுத்தார். எழும்பி, கொடியில் கிடந்த தன் சீலையை இழுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். படலையடியில் நின்று, திரும்பிப் பாராமல் சொன்னார்: "அண்டைக்கே சொல்லியிருந்தால் பிள்ளைக்கு முப்பத்தொண்டு செய்திருப்பன்."

நாங்கள் நடந்தோம். அந்தச் சனத்துக்குள் நடப்பது என்றும் சொல்லமுடியாது, தள்ளுப்பட்டுப் போனோம். விடியும்போது நாவற்குழிப் பாலத்தை அண்டியிருந்தோம். அம்மா கொஞ்சம் முன்னால். முதலாளி என் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி.

"அந்த ஆமிப் பெடியன் தெளிவாத்தான் சொன்னவன், பிள்ளை," என்றார். நான் கேட்காமலே. "இனி வரவேண்டாம் ஐயா, ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னவன். சொல்லேக்கை அவனுக்கும் கண் கலங்கினது. நான் திரும்பினால் நீங்கள் ஏழு பேர் நிக்கிறியள். வாய் தன்ரபாட்டிலை மற்றதைச் சொல்லிப்போட்டுது."

"பிறகாவது சொல்லியிருக்கலாம்."

"ஓம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்." பாலத்துச் சனத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "இன்னும் ஆறு வீடு இருக்கு. எல்லாருக்கும் சொல்லிப்போடவேணும். அவையும் செய்யவேண்டியதைச் செய்யட்டும்."

செய்தார். தென்மராட்சிப் பள்ளிக்கூடங்களில் சனம் சிதறிக் கிடந்தது. முட்டோடும் மழையோடும் சைக்கிளில் ஒவ்வொரு பள்ளிக்கூடமாக விசாரித்துக்கொண்டு போனார். ஒவ்வொரு வீடாகச் சொல்லிவிட்டு மீசாலைக்கு வந்து என்னிடம் ஒப்புவிப்பார். ஒரு தாய் கையில் இருந்த தேத்தண்ணீரை அவர் நெஞ்சில் ஊற்றினார். ஒரு தாய், எனக்கு எப்பவோ தெரியும் என்று சொல்லிச் சோறு போட்டார். ஒரு தகப்பன் கதவைச் சாத்தினவர், பிறகு திறந்து, "வந்து சொன்னீங்களே, அது காணும், போதும்," என்றார். எல்லாரிடமும் ஒன்று கேட்டுக்கொண்டாராம்: "என்ர தங்கச்சிக்கு நான் போய்ச் சொல்லுமட்டும் ஒருத்தரும் வாய் திறக்காதேங்கோ."

ஏழாவது வீடு அதுதான். அவருடைய சொந்தத் தங்கை. தொண்ணூறிலேயே வரணிக்கு வந்து, அங்கேயே இருக்கிறவர். மீசாலையிலிருந்து சைக்கிளில் ஒரு மணித்தியாலம் இல்லை. ஐந்தாவது வீட்டை முடித்த அன்றும் அவரிடம் கேட்டேன், ஆறாவதை முடித்த அன்றும் கேட்டேன். "அவள் இருக்கிற இடத்திலை பத்திரமா இருக்கிறாள். போவம், பிள்ளை." அதற்கு மேல் நான் நெருக்கவில்லை. அதிலிருந்து நாலாம் நாள் மனேச்சர் சேற்றுக்குள்ளால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

செத்தவீட்டுக்கு அம்மாவும் நானும் போனோம். கொடிகாமத்தில் அவர் தங்கியிருந்த ஒரு தென்னங்காணிக்குள், தறப்பாள் கூரைக்குக் கீழே கிடத்தியிருந்தார்கள். ஒரே மகள் வெளிநாட்டில், வரமுடியாது. ஆறு வீட்டுக்காரரும் வந்திருந்தோம். அவர் நெஞ்சில் தேத்தண்ணீர் ஊற்றிய தாயும் தலைமாட்டில் இருந்தார். கொள்ளி யார் வைப்பது என்று பெரியவர்கள் கதைத்துக்கொண்டிருந்தபோது, அதுவரை அழுதுகொண்டிருந்த தங்கை நிமிர்ந்தார்.

"ஏன் ஆளைத் தேடுறியள்? மருமோன் இருக்கேக்கை வேறை ஆர் வைக்கிறது?" என்றார். "ஒரு நாள் வைச்சுப் பாப்பம். இப்ப எல்லாச் சனமும் இடம்பெயர்ந்து வருது. இந்த நேரத்திலை விட்டாலும் விட்டிருப்பாங்கள். என்ர பிள்ளை வந்து தன்ர மாமனுக்குத் தன்ர கையாலை வைக்கட்டும். அண்ணை எனக்குச் சொன்னவர், வருவான் எண்டு."

ஆறு வீட்டுக்காரரும் நிலத்தைப் பார்த்தோம். முகாம் வாசலில் அந்தச் சிப்பாய் பார்த்தது போலத்தான் நாங்களும் பார்த்திருப்போம். சவம் கிடக்கிறது, ஐயர் அவசரப்படுகிறார், பொழுது சாய்கிறது. அந்தப் பெண் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து என்னில் நின்றார். "பிள்ளை, நீர் அண்ணையின்ர கடையிலை நிண்டனீர். உமக்குத் தெரியும். சொல்லும்."

நான் சொன்னேன்.

"வருவான், மாமி. ஆனா இப்ப நேரம் போகுது. பிறகு வருவான்."

என் வாய்தான் சொன்னது. நான் யோசிக்கவில்லை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். மாமி கொஞ்சம் சமாதானமாகித் தலையாட்டினார். ஒரு தூரத்துச் சொந்தக்காரப் பெடியன் கொள்ளி வைத்தான்.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. நான் அவரில் எவ்வளவு கோபமாக இருந்தேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஐந்து வருடம் ஒரு சொல்லை அடக்கி வைத்த மனிதரில் அப்படிக் கோபப்பட எனக்கு என்ன உரிமை இருந்தது? எனக்கு ஐந்து நிமிடம்கூட ஏலாமல் போய்விட்டதே. ஏழு பெண்களுக்கு முன்னால் திரும்பி நின்ற அந்த மனிதரின் முகத்துக்கு உள்ளே என்ன இருந்தது என்று எனக்கு இப்போது தெரியும். அவருடைய கடையிலிருந்து நான் வேறு ஒன்றும் எடுத்துவரவில்லை. இந்த வாயைத்தான் எடுத்துவந்திருக்கிறேன்.

ஆனால் அவர் எனக்கு இன்னொன்றையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆனைக்கோட்டைச் சாய்ப்பில், மழை நிலத்தில் குந்தியிருந்து, மூச்சு இழுக்க இழுக்க அவர் சொன்ன அந்த ஒரு 'இல்லை'. அதைச் சொல்லியிராவிட்டால் என் அம்மா அந்தக் கப்பைப் பிடித்தபடியே இருந்திருப்பார். நானும் பக்கத்தில் இருந்திருப்பேன். முப்பது வருடம் தெற்கிலும் ஏழு வருடம் தீவிலும் ஐந்து வருடம் ஆனைக்கோட்டையிலும் கடை நடத்திய மனிதர் எங்களுக்குத் தந்ததிலேயே பெரியது அதுதான்.

மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி மனேச்சர் கேட்டபோது முதலில் மாட்டேன் என்றேன். பிறகு யோசித்துச் சம்மதித்தேன். இது அச்சானதும் முதல் பிரதி முறைப்படி அவருடைய தங்கையின் கையில்தான் கொடுக்கப்படும். அப்படிப்பட்ட செய்தியை ஒரு தாய் கடதாசியில் வாசிக்கக்கூடாது. ஒரு ஆள் முன்னால் குந்தியிருந்து சொல்லவேண்டும். அதற்குத்தான் இதை ஒளிக்காமல் எழுதி மனேச்சரின் கையில் கொடுக்கிறேன். இனி நான் நினைத்தாலும் தப்பமுடியாது.

சாவகச்சேரி அச்சகத்துக்குப் புதன்கிழமை கொடுப்பதாக மனேச்சர் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலை அம்மாவும் நானும் வரணிக்குப் போகிறோம்.